ஈர்ப்பு ஒளியை வளைக்கிறதா? சாட்சியைச் சந்தேகப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாடப்புத்தகத்தில் இதை ஒரே பத்தியில் முடித்துவிடுவார்கள். 1919இல் கிரகணம் வந்தது, இங்கிலாந்து வானியலாளர் எடிங்டன் படம் எடுத்தார், ஐன்ஸ்டைன் ஜெயித்தார், சுபம். கொஞ்சம் துருவிப் படித்தவர்களுக்கு அந்த 'சுபம்' உறுத்தும். உறுத்த வேண்டியதுதான். தொலைநோக்கி வைத்து வானம் காட்டும் மாலைகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். 1919 படங்களில் ஒரு பகுதியை ஒதுக்கிய கதைக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் மொத்தச் சண்டையும் அங்கேதான் இருக்கிறது.

எவ்வளவு வளைகிறது என்கிறார்கள்?

சூரியனின் விளிம்பை உரசிக்கொண்டு வரும் ஒளிக்கதிர் 1.75 விகலை திரும்பும் என்பது ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலின் கணக்கு. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. ஒரு பத்து ரூபாய் நாணயத்தை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் வைத்தால் அதன் அகலம் நம் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு. விளிம்பை விட்டு விலக விலக இதுவும் குறையும். சூரிய மையத்திலிருந்து இரண்டு ஆரத் தொலைவில் பாதி, மூன்று ஆரத்தில் மூன்றில் ஒன்று.

ஒளி சூரியனை நோக்கி வளைவதால், அந்த நட்சத்திரம் சூரியனை விட்டு வெளிப்பக்கம் தள்ளி நிற்பது போலத் தெரியும். அளக்க வேண்டியது அந்தத் தள்ளலைத்தான். சூரியனை ஒட்டிய நட்சத்திரங்கள் முழு கிரகணத்தில்தான் கண்ணில் படும், அதனால்தான் கிரகணம்.

ஒளிக்கு எடையே இல்லையே, ஈர்ப்பு அதை எப்படி இழுக்கும்?

காற்றில்லாத இடத்தில் கல்லும் இறகும் ஒரே வேகத்தில் விழும். விழும் வேகத்துக்கும் பொருளின் எடைக்கும் தொடர்பில்லை. அதனால் நியூட்டனின் பாதையில் போனாலே ஒளியும் விழும் என்று கணக்குப் போட்டுவிடலாம். பிரச்சினை வளையுமா என்பதல்ல, எவ்வளவு என்பதுதான்.

அப்படியானால் இது நியூட்டன் காலத்துச் சரக்குதானே? ஐன்ஸ்டைனுக்கு எதற்கு மாலை?

பாதி உண்மை. பொருள்கள் தூரத்திலிருந்தே ஒளியை வளைக்குமா என்று நியூட்டனே 1704இல் ஒளியியல் நூலின் கடைசியில் ஒரு கேள்வியாகப் போட்டு வைத்தார். ஜெர்மானியரான யோஹான் ஸோல்ட்னர் 1801இல் கணக்கே போட்டுவிட்டார். அவருக்குக் கிடைத்தது 0.84 விகலை. இன்றைய அளவுகளை வைத்து அதே கணக்கைப் போட்டால் 0.87.

ஐன்ஸ்டைனின் எண் இதைப்போல் சரியாக இரண்டு மடங்கு. ஈர்ப்பு காலத்தை மெதுவாக்குவதால் வருவது ஒரு பாதி, இடமே வளைந்திருப்பதால் வருவது இன்னொரு பாதி. நியூட்டனிடம் முதல் பாதிக்குச் சமமானது உண்டு, இரண்டாவது கிடையாது. ஆக மேசையில் மூன்று விடைகள் இருந்தன: பூஜ்யம், 0.87, 1.75.

ஐன்ஸ்டைன் முதலில் சொன்ன எண் வேறாமே? அளவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டாரா?

எண்ணை மாற்றியது உண்மை. அளவுக்கு ஏற்ப மாற்றினார் என்பது பொய், ஏனென்றால் அப்போது அளவு என்று ஒன்றே இல்லை. 1911இல் அவர் சொன்னது 0.83. இடத்தின் வளைவு அப்போது அவர் கணக்கில் இல்லை. 1915 நவம்பரில் முழுக் கோட்பாடு கைக்கு வந்ததும் அது இரட்டித்தது.

இடையில் நடந்தது ஒரு கூத்து. 1912இல் பிரேசிலில் கிரகணம் பார்க்கப் போன அர்ஜென்டினா குழுவை மழை விரட்டியது. 1914 ஆகஸ்ட் 21 கிரகணத்துக்காக எர்வின் ஃபிராய்ண்ட்லிக் ஜெர்மனியிலிருந்து கிரைமியாவுக்குப் போனார். போய்ச் சேர்ந்த கையோடு உலகப் போர் வெடித்தது. ஜெர்மானியர் கையில் தொலைநோக்கி என்றால் ரஷ்யர்கள் சும்மா விடுவார்களா? ஆளைப் பிடித்து வைத்தார்கள், கருவியைப் பறிமுதல் செய்தார்கள். அவர் அன்றைக்கு ஒழுங்காக அளந்திருந்தால் ஐன்ஸ்டைனின் 0.83 தப்பு என்று வந்திருக்கும். 1915இல் ஐன்ஸ்டைன் 1.75 என்று சொன்னபோது, 'தோற்றதும் மாற்றிக்கொண்டார்' என்ற பெயர்தான் மிஞ்சியிருக்கும். போர் அவரைக் காப்பாற்றியது.

1919இல் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மே 29. கத்திரி வெயில் முடிகிற அந்த நாட்களில் சூரியன் ரோகிணிப் பக்கம் நிற்கும் என்பது பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ரோகிணியைச் சுற்றி ரிஷப ராசியில் ஹயாடிஸ் என்ற நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. சூரியனுக்குப் பின்னால் இத்தனை பிரகாசமான நட்சத்திரங்கள் ஒன்றாக அமைவது அபூர்வம். முழு கிரகணம் ஐந்து நிமிடத்துக்கும் மேல் நீடித்தது இன்னொரு அதிர்ஷ்டம்.

இங்கிலாந்தின் அரச வானியலாளர் பிராங்க் டைசன் இரண்டு குழுக்களை ஏற்பாடு செய்தார். ஆர்தர் எடிங்டனும் எட்வின் காட்டிங்ஹாமும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் போர்ச்சுகல் வசமிருந்த பிரின்சிப்பே தீவுக்குப் போனார்கள். ஆண்ட்ரூ குரோம்லினும் சார்ல்ஸ் டேவிட்சனும் பிரேசிலின் வடகிழக்கில் உள்ள சோப்ராலுக்குப் போய், அங்கே குதிரைப் பந்தயத் திடலில் கருவிகளை நிறுத்தினார்கள். 1919 நவம்பர் 6 அன்று லண்டனில் முடிவை அறிவித்தார்கள். மறுநாள் பத்திரிகைகள் 'அறிவியலில் புரட்சி' என்று தலைப்பிட்டன.

கண்ணாடித் தட்டில் அந்த நகர்வு எவ்வளவு இருந்தது?

படம் பிடித்தது மருந்து பூசிய கண்ணாடித் தட்டுகளில். பெரிய லென்சுகள் எடுத்த படத்தில் வானத்தின் ஒரு கலை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஒரு விகலை என்றால் மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனில் கால்வாசி என்று வைத்துக்கொள்ளலாம். இதுவும் முழு ஒரு விகலை நகர்ந்தால்தான். விளிம்பை ஒட்டிய நட்சத்திரம் எதுவும் படத்தில் விழவில்லை. மிக அருகில் இருந்ததே சூரிய மையத்திலிருந்து சுமார் இரண்டு ஆரம் தள்ளி.

'இவ்வளவு சிறியதையா நம்பினார்கள்?' என்று கேட்டால், வானியலாளர்களுக்கு இது புதிதல்ல. நட்சத்திரங்களின் தூரத்தை அளக்க அவர்கள் வழக்கமாக இதைவிடச் சிறிய நகர்வுகளை அளந்துகொண்டிருந்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், அந்த வேலைக்கு வருடக்கணக்கில் நேரமும் சொந்த ஊரில் நிலையாகப் பதித்த தொலைநோக்கியும் உண்டு. இங்கே கிடைத்தது ஐந்து நிமிடமும், கப்பலில் வந்து இறங்கி அவசரமாக மாட்டிய கருவியும்.

மூன்று கருவிகள் மூன்று விடை சொன்னதாகவும், ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டதாகவும் படித்தேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள்.

சோப்ராலில் 4 அங்குல லென்ஸ் ஒன்று இருந்தது. அதன் 8 தட்டுகளில் 7 நன்றாக வந்தன, ஒவ்வொன்றிலும் ஏழு நட்சத்திரங்கள். விடை 1.98, பிழை 0.12 (அவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம்). பிரின்சிப்பேயில் மேகத்துக்கு நடுவே எடுத்த 16 படங்களில் இரண்டு மட்டும் தேறின, அவற்றிலும் ஐந்தே நட்சத்திரங்கள். விடை 1.61, பிழை 0.30. மூன்றாவது, சோப்ராலிலேயே இருந்த பெரிய லென்ஸ். அது தந்தது 0.93. நியூட்டனின் எண்ணுக்குப் பக்கத்தில்! அதைத்தான் ஒதுக்கினார்கள்.

ஏன்? கிரகணத்தன்று இரவோடு இரவாகச் சில தட்டுகளைக் கழுவிப் பார்த்தபோதே படங்கள் மங்கலாக இருப்பது தெரிந்துவிட்டது. முதல் நாள் வரை சரியாக இருந்த குவியம் மாறியிருந்தது. வானத்தை லென்சுக்குள் திருப்பிவிடும் கண்ணாடி வெயிலில் சூடாகி உருமாறியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இதை அங்கேயே எழுதியும் வைத்தார்கள். எண் என்ன வரும் என்று எவருக்கும் தெரியாத நேரம் அது. இந்தத் தேதி முக்கியம்.

சரி, படம் மங்கினால் மங்கிவிட்டுப் போகட்டும், எண் ஏன் குறைய வேண்டும்? ஒரு படத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து நூறுக்கு நூறு எடுக்கச் சொல்கிறீர்கள். இயந்திரம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பெரிதாக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் படத்தின் நடுவிலிருந்து 50 கலை, அதாவது 3000 விகலை தள்ளி இருக்கும் நட்சத்திரம் 0.3 விகலை வெளியே போயிருக்கும். அதே நட்சத்திரத்தை ஐன்ஸ்டைன் கணக்குப்படி ஈர்ப்பு தள்ளுவது 0.55 விகலை. இரண்டும் வெளிப்பக்கம்தான்! குவியம் மாறினால் நடப்பது இந்த ஜெராக்ஸ் வேலைதான். படத்தின் அளவுகோலே மாறிவிடும்.

இரண்டையும் பிரிக்க ஒரே வழிதான் உண்டு. அளவுகோல் மாறினால் தள்ளி இருப்பது அதிகம் நகரும், ஈர்ப்பு என்றால் கிட்டே இருப்பது அதிகம் நகரும். நட்சத்திரப் புள்ளிகள் கூர்மையாக இருந்தால் இந்த எதிரெதிர்ப் போக்கை வைத்துப் பிரித்துவிடலாம். புள்ளிகள் நீண்டு மங்கிக் கிடந்தால் ஒன்றின் பங்கை இன்னொன்று தின்றுவிடும். அந்தத் தட்டுகளில் நடந்தது அதுதான். அளவுகோல் மாறியது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் 0.93 வருகிறது. மாறவில்லை, படம் மங்கியது மட்டும்தான் என்று வைத்தால் அதே தட்டுகள் 1.52 சொல்கின்றன. ஒரு அனுமானத்தை மாற்றினால் நியூட்டனிலிருந்து ஐன்ஸ்டைனுக்குப் பாதி வழிக்கும் மேல் தாவுகிற சாட்சியை எந்தக் கோர்ட்டில் ஏற்பார்கள்?

இதை அவர்கள் ஒளிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1920இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் 0.93ம் இருக்கிறது, 1.52ம் இருக்கிறது.

அப்போ எடிங்டன் தனக்குப் பிடித்த விடையைப் பொறுக்கி எடுத்தார் என்பது பொய்யா?

ஜான் இயர்மன், கிளார்க் கிளைமோர் என்ற இரு தத்துவ ஆய்வாளர்கள் 1980இல் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார்கள், அது இன்றுவரை ஓடுகிறது. சந்தேகத்துக்கு இடமில்லாமலும் இல்லை. எடிங்டன் பொதுச் சார்பியலை ஆங்கில உலகுக்குக் கொண்டுவந்தவர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், போரை எதிர்த்தவர். எதிரி நாட்டு விஞ்ஞானியின் கோட்பாட்டை இங்கிலாந்து நிரூபித்தால் நாடுகளுக்கிடையே புண் ஆறும் என்று மனதார நினைத்தவர். கேம்பிரிட்ஜில் அவருடன் பழகிய வானியற்பியலாளர் சந்திரசேகர் பின்னாளில் ஒன்றைச் சொல்லியிருக்கிறார்: தன் விருப்பத்துக்கு விட்டிருந்தால் இந்தப் பயணத்தையே திட்டமிட்டிருக்க மாட்டேன், கோட்பாடு சரி என்பதில் தனக்கு அவ்வளவு நிச்சயம் இருந்தது என்று எடிங்டனே அவரிடம் சொன்னாராம். நடுநிலையான நீதிபதி பேசுகிற பேச்சு இல்லை இது.

ஆனால் குற்றச்சாட்டு ஓரிடத்தில் தட்டுகிறது. ஒதுக்கப்பட்டது சோப்ரால் தட்டுகள். அவற்றைக் கிரீனிச் வானாய்வகத்தில் வைத்து அளந்தது டைசனின் ஆட்கள், ஒதுக்க முடிவெடுத்ததும் டைசன். எடிங்டன் கேம்பிரிட்ஜில் தன் பிரின்சிப்பே தட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டைசனோ ஐன்ஸ்டைன் பக்தர் இல்லை, சந்தேகத்தோடுதான் தொடங்கினார். இயற்பியலாளர் டேனியல் கென்னஃபிக் பழைய குறிப்புகளைப் புரட்டி இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

இன்னொன்று. ஐன்ஸ்டைனுக்குச் சாதகமாகப் பொறுக்குகிறவர், 1.98ஐ முதல் சாட்சியாக நிறுத்துவாரா? அது 1.75ஐத் தாண்டிப் போகிறது. ஒதுக்கிய தட்டுகளையும் கொஞ்சம் கலந்திருந்தால் சராசரி இன்னும் அழகாக வந்திருக்கும்.

1979இல் கிரீனிச் ஆய்வகத்தில் அந்தச் சோப்ரால் தட்டுகளை எடுத்து நவீன அளவீட்டுக் கருவியில் மறுபடி அளந்தார்கள். நல்ல தட்டுகள் 1.90, பிழை 0.11. ஒதுக்கிய தட்டுகள் 1.55, பிழை 0.34. 0.93 போன இடம் தெரியவில்லை.

பிரின்சிப்பேயின் இரண்டு தட்டுகளுக்கு என்ன மதிப்பு?

என்னைக் கேட்டால், தனியாக நின்றால் கொஞ்சம்தான். அன்று காலை இடியோடு பெருமழை. மதியம் விட்டது. கிரகணத்தின் கடைசிப் பகுதியில்தான் மேகம் ஓரளவு விலகியது. தட்டு மாற்றுகிற அவசரத்தில் எடிங்டன் கிரகணத்தையே சரியாக நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க அதே நட்சத்திரங்களைச் சூரியன் இல்லாதபோது எடுத்த படமும் வேண்டும். சோப்ரால்காரர்கள் ஜூலையில் விடிவதற்கு முன் அதே இடத்தில் அதே கருவியில் அதை எடுத்தார்கள். பிரின்சிப்பேகாரர்களால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியவில்லை. கப்பல்காரர்களின் வேலைநிறுத்தம் வரப்போகிறது, இப்போது கிளம்பாவிட்டால் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வோம் என்று ஜூனிலேயே புறப்பட்டுவிட்டார்கள். அதனால் அளவுகோலை வேறொரு வானப்பகுதியின் படங்களை வைத்துச் சுற்றிவளைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. புகழ் முழுக்க எடிங்டனுக்கும் பிரின்சிப்பேக்கும் போனது, உண்மையான சாட்சி சோப்ராலின் 4 அங்குல லென்ஸ்.

அந்த 4 அங்குல லென்ஸ் மட்டும் என்ன உசத்தி?

சிறியதாக இருந்தாலும் 19 அடி நீளக் குழாய். அதனால் தட்டில் வானம் பெரிதாக விழுந்தது, குவியமும் கெடவில்லை. ஏழு நட்சத்திரங்களில் சூரியனுக்கு மிகக் கிட்டே இருந்தது 1.02 விகலை வெளியே தள்ளியிருந்தது, ஐன்ஸ்டைன் கணக்கு 0.88. மிகத் தள்ளி இருந்தது 0.20, கணக்கு 0.32. நடுவில் இருப்பவையும் ஏறக்குறைய வரிசையாகவே குறைகின்றன. எண்கள் ஒட்டவே ஒட்டிவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிட்டே அதிகம், தூரத்தில் குறைவு என்ற போக்கு கண்ணில் படுகிறது. ஜெராக்ஸ் கோளாறு இதற்கு நேர் எதிராகப் போகும் என்பதை மறக்கவேண்டாம்.

சூரியனைச் சுற்றி வாயு இருக்கிறதே, தண்ணீரில் குச்சி வளைந்து தெரிவது போல அதுதான் வளைக்கிறதோ?

எனக்குப் பிடித்த கேள்வி, 1919லேயே கேட்டார்கள். அந்தக் கட்டுரையிலேயே பதில் இருக்கிறது: சூரியப் பரப்பிலிருந்து ஒரு ஆர உயரத்தில், நம் காற்று அதன் வழக்கமான அழுத்தத்தில் 140இல் ஒரு பங்கு அளவுக்கு அடர்த்தியாக இருந்தால்தான் இவ்வளவு வளைவு வரும். சூரியனை ஒட்டிப் போய்வந்த வால்நட்சத்திரங்கள் அப்படியொரு காற்றுக்குள் புகுந்திருந்தால் உருப்படியாகத் திரும்பியிருக்காது.

இப்போது இன்னும் பலமான பதில் உண்டு. சூரியனைச் சுற்றி இருப்பது சாதாரண வாயு அல்ல, மின்னேற்றம் கொண்ட பிளாஸ்மா. பிளாஸ்மா அலைகளை வளைக்கும்தான், ஆனால் எதிர்த் திசையில், சூரியனை விட்டு வெளியே! அதோடு அந்த வளைவு அலைநீளத்தைப் பொறுத்தது. நீண்ட ரேடியோ அலைக்கு அதிகம், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு இல்லை என்றே சொல்லலாம். ஈர்ப்புக்கு நிறபேதம் கிடையாது. எனவே இரண்டு அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் அளந்தால் பிளாஸ்மாவின் பங்கைத் தனியே கழித்துவிடலாம். ரேடியோ வானியலாளர்கள் செய்வது அதைத்தான்.

நம் வளிமண்டலம்? கிரகணத்தில் சட்டென்று குளிர்கிறதே.

குளிரும், காற்று அசையும், புள்ளிகள் நடுங்கும். ஆனால் அந்த அசைவுக்குச் சூரியன் எங்கே இருக்கிறது என்று தெரியாது. எல்லா நட்சத்திரத்தையும் சூரிய மையத்திலிருந்து வெளிப்புறமாக, கிட்டே அதிகம் தூரத்தில் குறைவு என்று ஒழுங்காகத் தள்ள அதற்கு வழியில்லை. முழுப் படத்தையும் சேர்த்து இழுக்கும் வளைவு அளவுகோல் கணக்கிலேயே போய்விடும்.

1919க்குப் பிறகு வந்த கிரகணங்கள் எல்லாம் 1.75 சொன்னதா?

இல்லை. 1922 செப்டம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் வல்லால் கடற்கரையில் அமெரிக்காவின் லிக் ஆய்வகத்தைச் சேர்ந்த கேம்பல், டிரம்ப்ளர் குழு எடுத்தது மிக நன்றாக வந்தது: 1.72, பிழை 0.11. என்னைப் பொறுத்தவரை அந்தக் காலத்துச் சாட்சிகளில் இதுதான் தலைசிறந்தது, பாடப்புத்தகம் ஏன் இதை விட்டுவிடுகிறது என்பது புரியவில்லை. கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் எவர்ஷெட்டும் அதே கடற்கரைக்குப் போயிருந்தார். கருவி மக்கர் செய்து அவருக்கு எண்ணாக எதுவும் தேறவில்லை.

1929இல் சுமாத்ராவில், கிரைமியாவில் மாட்டிக்கொண்ட அதே ஃபிராய்ண்ட்லிக்குக்குக் கடைசியில் கிரகணம் கிடைத்தது. விடை 2.24! ஐன்ஸ்டைன் எண் போதாது என்று அவர் வாதாடினார். வேறு ஆட்கள் மறுகணக்குப் போட்டபோது எண் இறங்கியது. சண்டை எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? மறுபடி அளவுகோல்தான். 1947இல் பிரேசிலில் 2.01, 1952இல் கார்ட்டூமில் 1.70, 1973இல் மௌரிடானியா பாலைவனத்தில் 1.66. அரை நூற்றாண்டு அலைந்தும் கிரகணப் படங்கள் பத்து சதவீதப் பிழையைத் தாண்டிப் பெரிதாக முன்னேறவில்லை. இதைச் சுட்டிக்காட்டுகிற சந்தேகக்காரர்களோடு எனக்குத் தகராறு இல்லை.

அப்புறம் எப்படி 'நிரூபணம்' என்கிறீர்கள்?

கிரகணத்தை விட்டுவிட்டதால்தான்! ரேடியோ அலைக்குச் சூரியன் ஒளிரும் வானம் ஒரு தடை இல்லை, பட்டப்பகலில் அளக்கலாம். 3சி 279 என்ற குவேசார் (வெகு தொலைவில் பிரகாசிக்கும் கேலக்ஸி மையம்) ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 8 வாக்கில் சூரியனுக்குப் பின்னால் மறையும். சற்றுத் தள்ளி 3சி 273 என்ற இன்னொரு குவேசார் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று பார்த்தால் போதும். 1969இல் கலிபோர்னியாவில் இதைச் செய்தார்கள், 1.77 வந்தது. 1970களின் நடுவில் பிழை ஒரு சதவீதத்துக்கு வந்தது. கண்டங்களுக்கு நடுவே ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து 1979 முதல் 1999 வரை சேர்த்த அளவுகளை 2004இல் தொகுத்தார்கள்: ஐன்ஸ்டைன் எண்ணோடு பத்தாயிரத்தில் சில பங்குக்குள் ஒத்துப்போகிறது. பாதி எண்ணான 0.87க்கு இங்கே நிற்கக்கூட இடமில்லை.

2002இல் சனிக்குப் போய்க்கொண்டிருந்த கசினி விண்கலத்தின் ரேடியோ சமிக்ஞை சூரியன் பக்கமாக வந்தபோது அளந்தது இன்னும் நுணுக்கம், லட்சத்தில் இரண்டு பங்கு. அது வளைவு அல்ல, சமிக்ஞை தாமதமாவது. ஆனால் இடம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்ற அதே அளவைத்தான் இரண்டும் சோதிக்கின்றன.

சூரிய விளிம்பை ஒட்டித்தான் வளைகிறது, தள்ளிப் போனால் இல்லவே இல்லை என்கிறார்களே?

இணையத்தில் இது அடிக்கடி சுற்றுகிறது. 1989 முதல் 1993 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அளந்த ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் சூரியன் பக்கமே திரும்பவில்லை. சூரியனுக்குச் செங்குத்தாக, 90 பாகை தள்ளிப் பார்க்கும் நட்சத்திரத்துக்கும் விகலையில் ஆயிரத்தில் நான்கு பங்கு வளைவு இருக்க வேண்டும். இருந்தது. அதைக் கழிக்காமல் விட்டால் நட்சத்திர அட்டவணையே சரிவராது. 90 பாகை தள்ளிப் பிளாஸ்மாவைக் குற்றம் சொல்ல முடியாது.

வியாழனும் வளைக்கிறது. 1988இல் வியாழன் ஒரு குவேசாருக்கு அருகில் போனபோது ரேடியோவில் பிடித்தார்கள். 2017இல் கைலாஷ் சாஹு தலைமையிலான குழு, ஸ்டைன் 2051 பி என்ற வெள்ளைக் குள்ளன் (எரிந்து முடிந்து சுருங்கிய நட்சத்திரம்) பின்னாலிருந்த நட்சத்திரத்தைத் தள்ளுவதை ஹபிள் தொலைநோக்கியில் அளந்து, அதன் எடை சூரியனின் 0.675 மடங்கு என்று சொன்னது.

பால்வீதி நடுவில் பெரிய கருந்துளை இருக்கிறதாம். சுற்றும் நட்சத்திரங்கள் ஏன் வளையம் வளையமாகத் தெரியவில்லை?

கேட்க நியாயமாக இருக்கும், கணக்குப் போட்டால் கரைந்துவிடும். வளையமாகத் தெரிய ஒளியை மடக்குகிற பொருள் நடுவிலும், நட்சத்திரம் அதற்கு வெகு தூரம் பின்னாலும், மூன்றும் ஒரே கோட்டிலும் நிற்க வேண்டும். அங்கே சுற்றும் எஸ்2 போன்ற நட்சத்திரங்கள் கருந்துளைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் ஆயிரம் மடங்கு பின்னால் ஒரு நட்சத்திரம் நின்றாலும், வளையத்தின் ஆரம் விகலையில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குதான் வரும். அந்தச் சிறு புள்ளிக்கு நேர் பின்னால் வந்து நிற்கிற நட்சத்திரத்துக்குத்தான் வளையம். எஸ்2 அப்படி வருவதில்லை.

வளையங்கள் வேண்டுமென்றால் தொலைதூரக் கேலக்ஸிகளைப் பாருங்கள், நிறைய இருக்கின்றன. 1979இல் ஒரே குவேசார் இரண்டாகத் தெரிவதைக் கண்டுபிடித்ததிலிருந்து இது தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. 2014இல் ஒரு கேலக்ஸிக் கூட்டத்துக்குப் பின்னால் வெடித்த ரெப்ஸ்டால் சூப்பர்நோவா நான்கு பிம்பமாகத் தெரிந்தது. இன்னொரு பிம்பம் இன்ன இடத்தில், ஏறத்தாழ இன்ன காலத்தில் வரும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். 2015 டிசம்பரில் வந்தது. ஐந்து நட்சத்திரத்தை வைத்து மல்லுக்கட்டியவர்கள் எங்கே, இது எங்கே!

2019 டிசம்பரில் திருச்சி, கோவைப் பக்கம் வளைய கிரகணம் தெரிந்ததே, அதில் நாமே அளந்திருக்கலாமா?

முடியாது. வளைய கிரகணத்தில் சூரியனின் விளிம்பு எரிந்துகொண்டே இருக்கும். அந்த வெளிச்சத்தில் நட்சத்திரம் எதுவும் தெரியாது. முழு கிரகணம் வேண்டும்.

முழு கிரகணம் கிடைத்தால் வீட்டுத் தொலைநோக்கியில் முடியுமா?

முடியும், ஒருவர் செய்தே காட்டியிருக்கிறார். 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவின் வயோமிங்கில் ஒரு மலை மேல், ஓய்வுபெற்ற இயற்பியலாளர் டான் பிரன்ஸ் கடையில் வாங்கிய 4 அங்குலத் தொலைநோக்கியையும் டிஜிட்டல் கேமராவையும் வைத்து 1.75 என்று அளந்தார், பிழை மூன்று சதவீதம். லென்சின் அளவைப் பாருங்கள், சோப்ராலில் ஜெயித்ததும் 4 அங்குலம்தான்.

அவர் கஷ்டப்பட்டதும் பெரும்பாலும் அளவுகோலோடுதான். 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சரில் ஆறு நிமிடத்துக்கும் மேல் முழு கிரகணம் இருக்கிறது. போகிறவர்கள் கவனிக்க: கிரகணப் படத்தை மட்டும் எடுத்துவிட்டு வந்து பயனில்லை. அதே வானப்பகுதியை ஆறு மாதம் முன்னோ பின்னோ நள்ளிரவில் அதே கருவியில் எடுத்து வையுங்கள். கிரகணம் நடக்கும்போதே சூரியனுக்கு ஏழெட்டுப் பாகை தள்ளி இரண்டு பக்கமும் வேறு நட்சத்திரங்களையும் எடுங்கள், அங்கே ஈர்ப்புத் தள்ளல் மிகக் குறைவு என்பதால் அன்றைய அளவுகோல் அதில் கிடைத்துவிடும். குவியத்தை ஒருமுறை பூட்டிய பிறகு கைவைக்காதீர்கள். தொலைநோக்கிக் குழாயைக் காலையிலிருந்து வெள்ளைத் துணி போட்டு மூடி வையுங்கள், லக்சரில் ஆகஸ்டு வெயில் நம் கத்திரியைத் தோற்கடிக்கும்.